நூறு சதவீதம் எதைச் சொல்கிறது? சிகாகோ சார்ட்டர் பள்ளி ஒன்றின் கணக்கு

அமெரிக்காவின் சிகாகோ நகரின் தென்பகுதியில் உள்ள எங்கில்வுட், வறுமைக்கும் துப்பாக்கி வன்முறைக்கும் பெயர்போன வட்டாரம். 2006ஆம் ஆண்டில் அங்கு ஆண்களுக்கென மட்டும் தொடங்கப்பட்டது அர்பன் ப்ரெப் அகாடமி என்ற உயர்நிலைப் பள்ளி. அதன் மாணவர்களில் ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர்கள். 2010இல் அங்கு படிப்பை முடித்த முதல் அணியினர் 107 பேருக்கும் நான்காண்டுப் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரிகளில் அனுமதி கிடைத்தது. பள்ளியில் சேர்ந்தபோது இவர்களில் 4 சதவீதத்தினரே வகுப்புக்குரிய வாசிப்புத் திறன் பெற்றிருந்ததாகக் கூறப்பட்டதால், இச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது.

சார்ட்டர் பள்ளிகள் அரசுப் பணத்தில் இயங்குபவை. ஆனால் அவற்றை நடத்துவது தனி அமைப்புகள். கட்டணம் கிடையாது. 1991இல் மினசோட்டா மாநிலம் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. சிகாகோ அமைந்துள்ள இலினாய் மாநிலம் 1996இல் அதனைப் பின்பற்றியது. ஆசிரியர் நியமனம், பள்ளி நேரம் போன்றவற்றில் இப்பள்ளிகளுக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. அதற்கு ஈடாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை தமது செயல்திறனை நிரூபித்து உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் செயல்திறனை எதைக்கொண்டு அளப்பது? இங்குதான் சர்ச்சை தொடங்குகிறது. கல்வி வரலாற்றாசிரியர் டயான் ராவிச், 2011இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரையில், அதிசயப் பள்ளிகள் என்று அரசியல்வாதிகள் எடுத்துக்காட்டும் பள்ளிகளைக் கேள்விக்குள்ளாக்கினார். அர்பன் ப்ரெப்பும் அவற்றுள் ஒன்று. மாநிலத் தேர்வில் அதன் மாணவர்கள் பெற்ற தேர்ச்சி மிகக் குறைவு என்பது அவரது வாதம். நூறு சதவீதம் என்பதும் இறுதி ஆண்டுவரை எஞ்சியவர்களின் கணக்கு. இடையில் விலகியவர்கள் அதில் இல்லை. தவிர, விண்ணப்பிக்கும் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் அமெரிக்காவில் ஏராளம்.

இவை நியாயமான கேள்விகளே. எனினும், அந்த 107 அனுமதிக் கடிதங்களை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிகாகோ அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேரே இருபதுகளின் நடுப்பகுதிக்குள் நான்காண்டுப் பட்டம் பெறுவார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் மதிப்பிட்டிருந்தனர். அந்நகரில், கல்லூரி அனுமதி பெற்ற மாணவன் தனது சிவப்புக் கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டு, சிவப்பும் பொன்னிறமும் கலந்த கோடிட்ட பட்டியை அணியும் சடங்கை இப்பள்ளி உருவாக்கியது. தேர்வு மதிப்பெண்ணில் இதற்கு இடமில்லை. அவ்வாறு அனுமதி பெற்றவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்பதே கடினமான கேள்வி.

ஒரு பள்ளியை வைத்துச் சார்ட்டர் பள்ளிகள் அனைத்தையும் எடைபோடுவதும் சரியாகாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம், 41 நகர்ப்புறப் பகுதிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட அறிக்கையில், நகர்ப்புற சார்ட்டர் பள்ளி மாணவர்கள் வழக்கமான அரசுப் பள்ளி மாணவர்களைவிட ஆண்டுக்குக் கணிதத்தில் 40 நாள், வாசிப்பில் 28 நாள் படிப்புக்கு ஈடான கூடுதல் முன்னேற்றம் கண்டதாகக் கணித்தது. இது சராசரி மட்டுமே. சில நகரங்களில் இப்பள்ளிகள் பின்தங்கியும் இருந்தன.

அர்பன் ப்ரெப்புக்கு நெருக்கடி வேறு திசையிலிருந்து வந்தது. நிதி நிர்வாகக் குறைகள் உள்ளிட்ட காரணங்களைக் காட்டி, 2022இல் சிகாகோ கல்வி வாரியம் அதன் இரு வளாகங்களின் உரிமத்தை ரத்துசெய்ய வாக்களித்தது. பள்ளி நீதிமன்றத்தை நாடியது. பள்ளிகளை மூடுவதற்கு மாநிலச் சட்டம் விதித்திருந்த தற்காலிகத் தடையை வாரியத்தின் முடிவு மீறுவதாக 2023இல் தீர்ப்பளிக்கப்பட்டது. மாணவர்கள் என்ன கற்றார்கள் என்ற கேள்வி அவ்வழக்கின் மையத்திற்கு வரவில்லை.