1.4-ஆ, 1.8-ஆ? ஒரு 50 எம்எம் கதை

படிப்பது பி.காம்., ஊர் ராஜபாளையம். இன்றைக்கு மட்டும் கணக்கை விட்டுவிட்டு லென்ஸ் வரலாறு :-)

போன ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். தேர் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி திண்ணையில் அம்மாச்சியைப் படம் எடுத்தேன். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ், ஒற்றை பல்பு வெளிச்சம். எல்லாப் படத்திலும் முகம் கலங்கிவிட்டது. அம்மாச்சிக்கு வயது 84. வெளிச்சம் நிறைய வாங்கும் 50 எம்எம் லென்ஸ் வாங்குவது என்று அன்றே முடிவு செய்தேன். ஆனால் எஃப்/1.8-ஆ, எஃப்/1.4-ஆ?

1925-ல் லைப்சிக் சந்தையில் லைக்கா கேமரா அறிமுகமானபோது அதில் இருந்தது 50 எம்எம், எஃப்/3.5 லென்ஸ். ஃபிலிம் கட்டத்தின் மூலைவிட்டம் 43 எம்எம். லென்ஸ் அதை ஒட்டி இருந்தால் காட்சி இயல்பாகத் தெரியும். அப்படித்தான் 50 'ஸ்டாண்டர்ட்' ஆனது.

இன்றைய 50-களில் பலவற்றின் மூதாதை அதைவிடப் பழசு. 1896-ல் ஜெய்ஸ் கம்பெனியின் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானார். அருமையான வடிவம்தான். ஆனால் கண்ணாடிப் பரப்புகள் அதிகம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஒளி திரும்பி அடித்துப் படத்தை வெளிற வைத்தது. 1935-ல் அதே கம்பெனியின் ஸ்மாகுலா, கண்ணாடிமேல் பூசும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். அதன்பின் இந்த வடிவம் கொடிகட்டிப் பறந்தது.

நம்ம பக்கத்துக் கதையும் உண்டு. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவர் ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன். வாழ்நாளில் பெரும்பாலும் அவர் கையில் இருந்தது லைக்காவும் 50 எம்எம்மும்தான்.

இனி நம்ம கணக்கு. எஃப்/5.6-லிருந்து 1.8-க்கு வந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு. 1.8-லிருந்து 1.4-க்குப் போனால் 1.65 மடங்குதான், அதாவது 1/60 நொடி 1/100 ஆகும். முழுசாகத் திறந்தால் 1.4-ல் ஃபோகஸ் ஆழமும் குறைவு. கண் தெளிவாக இருந்தால் காது மங்கும். நான் விசாரித்த இடத்தில் விலையோ மூன்று மடங்கு.

வகுப்பில் 'ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்' என்று நடத்துவார்களே, அது எனக்கு இங்கேதான் புரிந்தது. 1.4-க்குக் காசு சேர இன்னும் ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷம் அம்மாச்சி விஷயத்தில் சின்னத் தொகை இல்லை. பழைய 1.8 ஒன்று வாங்கிவிட்டேன்.

போன வாரம் அதே திண்ணை, அதே பல்பு. படத்தைக் காட்டினேன். "இம்புட்டுச் சுருக்கமாடா எனக்கு?" என்றார். அத்தனை சுருக்கமும் தெளிவாக விழுந்திருந்தது.