ராக்டேல் நெசவாளரின் கடை

1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட எளியோர் சிலர் சிறு கடையொன்றைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி எனச் சரக்கு மிகச் சொற்பம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த 28 பவுன்தான் முதல்.

அந்நாளில் ஏழைக்கு மலிவாய்க் கிடைத்த ரொட்டியில் படிகாரம் கலந்திருந்தது. இக்கடையினரோ விலையைக் குறைக்கவில்லை. கலப்படமற்ற பொருளை ஊர் விலைக்கே, சரியான எடையில் விற்றனர். ஆதாயத்தை உறுப்பினரின் கொள்முதலுக்கேற்பப் பின்னர் பகிர்ந்தளித்தனர். தள்ளுபடி என்றால் இதுவன்றோ தள்ளுபடி! 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இதுவே முன்மாதிரி.

ஆனால் ராக்டேலில் கடன் கிடையாது, ரொக்கம் மட்டுமே. கடன்வலையிலிருந்து காக்கும் நல்ல விதிதான். எனினும், கூலி நாளுக்கு முன்பே கை வறண்டவன் பழைய கடைக்காரனிடமே கடனுக்குக் கலப்பட மாவு வாங்க நேர்ந்தது.