கெப்பட்டிப்பொலவின் போர்

கொத்மலையில் இன்று தேயிலை விளையும் சரிவுகள் பல இரு நூற்றாண்டுகளுக்கு முன் அடர்காடாகக் கிடந்தன. தந்தையின் சினத்துக்கு அஞ்சிய துட்டகைமுனு இளவரசன் மறைந்து வாழ்ந்த இடம் இதுவே என்பது மரபு. காடும் மலையுமே கண்டி நாட்டாருக்கு அரண். 1803ஆம் ஆண்டில் கண்டிக்குள் புகுந்த ஆங்கிலப் படை மீளவில்லை. அந்த அரணை நம்பியே 1817இல் ஊவாவும் வெல்லசவும் கிளர்ந்தெழுந்தன.

1815ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர் கெப்பட்டிப்பொல திசாவை. கலகத்தை அடக்க ஆளுநர் பிரவுன்றிக் அவரையே அனுப்பினார். சென்றவர் மக்களோடு சேர்ந்துகொண்டார். ஆயின் தம்மிடம் தந்த துப்பாக்கிகளை ஆங்கிலேயருக்கே திருப்பி அனுப்பினார். போர் நடத்தும் தலைவன் ஆயுதத்தைத் திருப்பித் தருவது மதியா என்று கேட்போர் உண்டு. அவர் காலத்து மானவுணர்ச்சிக்கு அது பொருந்தியதே.

வெட்டவெளியில் அணிவகுத்து நின்று பொருவது அவர் முறையன்று. கணவாய்களில் பதுங்கித் தாக்குதல், உணவு கொண்டுவரும் சுமையாட்களை மறித்தல், பின் காட்டுக்குள் கலைதல் என்பனவே அவருடைய படை கையாண்ட வழிகள். காய்ச்சலும் அவருக்குத் துணைநின்றது. 1818இன் நடுப்பகுதிக்குள் மலைநாட்டின் பெரும்பகுதி ஆங்கிலேயர் கையை விட்டு நழுவியிருந்தது.

பிரவுன்றிக் பகைவனைத் துரத்துவதை விட்டு, அவனைப் பேணிய கிராமங்களைத் தாக்கினார். வீடுகள் எரிந்தன, நெற்களஞ்சியங்கள் அழிந்தன, கால்நடைகள் கவரப்பட்டன. சென்னை மாகாணத்திலிருந்து துணைப்படைகளும் வந்திறங்கின. மலையில் மறைய இடமிருந்தது, உண்ணச் சோறில்லை. ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேரும், மக்கள் தரப்பில் பத்தாயிரம் பேரும் மாண்டிருக்கலாம் என்று ஆளுநரின் மருத்துவர் டேவி கணித்தார்.

உள்ளிருந்தும் ஒரு விரிசல் கண்டது. நாயக்க அரச குலத்தவன் துரைசாமி எனச் சொல்லி முடிசூடப்பெற்றவன், உண்மையில் வில்பாவே என்னும் முன்னாள் துறவி. மடுகல்லை நிலமே அந்தப் பொய்யை வெளிப்படுத்தி அவனைத் தொழுமரத்தில் மாட்டினார். அரசன் பொய்யென்றான பின் ஊர்த்தலைவர்கள் ஒவ்வொருவராகப் பணிந்தனர். படைநடத்தலில் குறை காண இயலாத கெப்பட்டிப்பொல, அரசியலில் ஊன்றிய கோல் இது ஒன்றே, அதுவும் முறிந்தது.

அக்டோபர் மாத இறுதியில் அநுராதபுரப் பகுதியில் அவர் பிடிபட்டார். 1818 நவம்பர் 26ஆம் நாள் தலதா மாளிகையில் வழிபட்டு, தம் மேலாடையை அங்கே காணிக்கையாக்கி, போகம்பறையில் வாளுக்குத் தலை கொடுத்தார். மடுகல்லையும் அன்றே மாண்டார். கெப்பட்டிப்பொலவின் மண்டையோட்டை மருத்துவர் மார்ஷல் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். 1954இல் அது மீண்டு, தலதா மாளிகையின் முன் அடக்கம் செய்யப்பட்டது.

அந்தப் போர் புகட்டிய பாடத்தால், மலைக்குள் படை விரைந்து செல்ல ஆளுநர் பார்ன்ஸ் கண்டிக்குச் சாலை அமைத்தார். அச்சாலை வழியே கோப்பித் தோட்டம் வந்தது. தோட்டத்தைத் தொடர்ந்து தென்னிந்தியத் தொழிலாளர் வந்தனர்.