காசின் கதை – 17: சிம்லாவில் கரைந்த கொலுசு

1893 ஜூன் 26-ல் சிம்லாவில் நடந்ததை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அங்கே முக்கொம்பு வழியாகத்தான் போகவேண்டும்.

ஆர்தர் காட்டன், 1821-ல் பதினெட்டு வயதில் சென்னை வந்திறங்கிய பொறியாளர். அன்று கொள்ளிடம் தாழ்ந்து நேராக ஓடியதால் காவிரித் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு போனது. தஞ்சைப் பக்கம் ஆறு மணல்மேடிட்டுக் கிடந்தது. காட்டன் கல்லணையைப் போய்ப் பார்த்தார். ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அதைக் கட்டியவர்களிடமே கற்றதாகப் பின்னாளில் எழுதவும் செய்தார். ஆளவந்த வெள்ளைக்காரர்களில் இப்படி வாய்விட்டு ஒப்புக்கொண்டவர் எத்தனை பேர்? அந்தப் பாடத்தை வைத்தே 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையை எழுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கம்பெனி தன் ஆட்சி முழுவதற்கும் ஒரே வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்தது: எடை 180 கிரெயின், பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி.

தண்ணீர் வந்தது, நெல் விளைந்தது, விற்ற காசு வெள்ளியானது. அஞ்சலகச் சேமிப்பு வங்கியே 1882-ல்தான் வந்தது. குடியானவர் சேமிப்பு பெண்டுகள் காலிலும் பிள்ளைகள் இடுப்பிலும் இருந்தது. ஆசாரி ஒரு தட்டில் தண்டையை வைப்பார், மறு தட்டில் ரூபாய்களை அடுக்குவார். இருபது ரூபாய் எடையென்றால் கிட்டத்தட்ட இருபது ரூபாய் மதிப்பு. ஏனென்றால் யார் வெள்ளி கொண்டுபோனாலும் பம்பாய், கல்கத்தா நாணயச் சாலைகள் கூலி பிடித்துக்கொண்டு ரூபாயாக அடித்துத் தரும். தாது வருஷப் பஞ்சத்தில் நகைகள் அப்படித்தான் நாணயமாகின.

1870-களில் ஜெர்மனி முதலான நாடுகள் தங்கத்துக்கு மாற, உலகச் சந்தையில் வெள்ளி சரிந்தது. சுமார் 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய் 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கு இறங்கியது. லண்டனுக்குக் கட்டவேண்டிய கடன் வட்டியும் ஓய்வூதியமும் பவுன் கணக்கில். காட்டனைப் போல் ஊர் திரும்பிய அதிகாரிகளின் ஓய்வூதியமும் அதில் அடக்கம்! ரூபாய் சரியச் சரிய அதைக் கட்ட அரசுக்குக் கூடுதல் ரூபாய் தேவைப்பட்டது. புது வரி போட்டால் ஊர் கொதிக்கும். வைஸ்ராய் லான்ஸ்டவுனும் நிதி உறுப்பினர் டேவிட் பார்பரும் வேறு வழி பார்த்தார்கள். அந்த ஜூன் 26-ல் சிம்லாவில் ஒரே அமர்வில் சட்டம் நிறைவேறியது. நாணயச் சாலைகள் மக்களின் வெள்ளிக்குக் கதவடைத்தன.

புது நாணயம் குறைந்ததால் ரூபாய் கிராக்கியாகி, 1898-ல் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நின்றது. வெள்ளியோ மேலும் சரிந்து, ஒரு ரூபாய் எடை வெள்ளி சுமார் 10 அணாவுக்கு வந்தது. தண்டையின் எடையில் குன்றிமணி குறையவில்லை. மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று.

இந்தத் தொடரில் இதுவரை வந்த கொள்ளைக்காரர்கள் குதிரையில் வந்தார்கள். லான்ஸ்டவுனும் பார்பரும் பேனாவோடு வந்தார்கள்; என் கணக்கில் இவர்களே பெரிய வில்லன்கள். வெள்ளியில் சுட்டுக்கொண்டவர்களுக்கு 1899-ல் இன்னொரு சட்டம் வந்தது: பிரிட்டிஷ் சவரன் 15 ரூபாய்க்குச் செல்லும். அது அடுத்த வாரம்.