கலம் செலுத்தும் விளக்கு

கலங்கரை விளக்கம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லை நிறுத்தி வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. கரைக்கு வழி காட்டும் விளக்கு என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்தான். கடலில் ஓடும் கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு கலங்கரை விளக்கம். வாயில்லாத விளக்கு இருட்டில் கூவுவதாக எண்ணிப் பார்த்த நம் முன்னோரின் கற்பனையை என்னவென்று சொல்வது!

காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இப்படிப்பட்ட விளக்கு ஒன்று வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதை நேரில் கண்டவர் போலவே சொல்லியிருக்கிறார். விண்ணை முட்டும் மாடம். ஏணி சாத்தி ஏற வேண்டிய உச்சி. கூரை வேயாத அந்த உச்சியில் இரவில் மூட்டிய தீ. அது ஆழ்கடலில் செல்லும் கலங்களை அழைக்கிறது. நீர்ப்பெயற்று என்ற அந்தத் துறை இன்றைய மாமல்லபுரமே என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

ஆனால் மாமல்லபுரத்தில் விளக்கு இருந்ததற்குக் கண்கண்ட சாட்சி இருக்கிறது. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில் ஒரு கற்கோயில். பல்லவர் கட்டியது. அதன் தலையில் விளக்கேற்றி ஒரு காலத்தில் கப்பல்களுக்கு அடையாளம் காட்டினார்கள். உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயில் என்று அதற்குப் பெயர். உழக்கு எண்ணெயிலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பது ஊரார் சொல்லும் விளக்கம். பக்கத்திலேயே வெள்ளைக்காரர் காலத்துக் கல் கோபுரம் நிற்கிறது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

இந்தப் பழங்கதையை இப்போது எதற்காக எடுத்தேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எத்தனை நூற்றாண்டு ஆனாலும் விளக்கின் வேலை ஒன்றாகவே இருந்தது: கலத்தை அழைப்பது. இந்த நூற்றாண்டில்தான் சிலர் நேர்மாறான விளக்கு ஒன்றை யோசித்திருக்கிறார்கள். அது கலத்தைத் தள்ளி அனுப்பும் விளக்கு. தள்ளிய வேகத்தில் அந்தக் கலம் வேறொரு சூரியனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். இது நடக்கக் கூடியதா, வெறும் ஆகாயக் கோட்டையா என்பதே என் விசாரணை.

வெளிச்சத்துக்குத் தள்ளும் சக்தி உண்டா? உண்டு. வால் நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளுவதைப் பார்த்து, சூரியனிலிருந்து ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது என்று ஊகித்தவர் கெப்ளர். வானக் காற்றுக்கு ஏற்ற பாய் கட்டிய கப்பல்கள் வரும் என்று 1610-ல் கலிலியோவுக்கே எழுதியவர் அவர். ஒளிக்கு அழுத்தம் இருந்தே தீர வேண்டும் என்று 1873-ல் மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் ருஷ்யாவில் லெபடேவ் அதைச் சோதனைச் சாலையில் அளந்தார். 2010-ல் ஜப்பானியர் இகாரோஸ் என்ற கலத்துக்கு மெல்லிய பாய் கட்டி, சூரிய ஒளியே அதைத் தள்ளுவதை விண்வெளியில் நிரூபித்தார்கள்.

ஆனால் அந்தத் தள்ளு மிகச் சிறியது. பூமி இருக்கும் தொலைவில் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கண்ணாடிப் பாயை விரித்தாலும், சூரிய ஒளி அதன்மேல் கொடுக்கும் அழுத்தம் ஒரு கிலோ அரிசியின் எடைக்குச் சற்றுக் குறைவுதான். சூரியனை விட்டு விலக விலக அதுவும் குறைந்துகொண்டே போகும். ஆகவே, பரந்து போகாமல் ஒரே திசையில் செல்லும் வெளிச்சம் வேண்டும். 1960-ல் லேஸர் விளக்கு பிறந்தது. இரண்டே ஆண்டுகளில், அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபார்வர்டு லேஸரால் பாய்க்கப்பலை நட்சத்திரத்துக்குத் தள்ளலாம் என்று எழுதிவிட்டார்.

போக வேண்டிய இடம் எது? அருகிலுள்ள ஆல்ஃபா சென்டாரி. இங்கேதான் நம் சோழமண்டலக் கரையின் சரித்திரம் குறுக்கே வருகிறது. மாமல்லபுரத்திலிருந்து அதே கரையோடு தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே 1689 டிசம்பரில் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் ஒரு வால் நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். சயாம் தேசத்தில் கலகம் மூண்டதால் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர் அவர். வால் நட்சத்திரத்தைத் தேடிய கண்ணுக்கு அருகிலிருந்த ஆல்ஃபா சென்டாரியும் அகப்பட்டது. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த அது உண்மையில் இரண்டு என்று உலகத்தில் முதலில் கண்டு சொன்னவர் அவர்தான். ஒளி தள்ளிய வாலும், இன்று ஒளியால் தள்ளிக் கலம் அனுப்ப நினைக்கும் நட்சத்திரமும் ஒரே மனிதரின் பார்வையில், நம் கரையில், விழுந்திருக்கின்றன. நாவலில் எழுதினால் இது ஆசிரியர் வலிந்து செய்த பொருத்தம் என்பார்கள். சரித்திரத்தை யார் அப்படிக் குறை சொல்ல முடியும்?

வெளிச்சத்தை அளவுகோலாகக் கொண்டு வேலை செய்த வேறு சிலரும் இந்த வட்டாரத்தில் நடமாடியிருக்கிறார்கள். 1802 ஏப்ரல் 10-ந் தேதி பரங்கிமலை அருகே இரும்புச் சங்கிலியால் ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார் லாம்டன். இந்தியா முழுவதையும் அளந்த பெருங்காரியத்தின் தொடக்கம் அது. செங்கற்பட்டுச் சீமையிலுள்ள கருங்குழி அவருடைய முக்கியமான நிலையங்களில் ஒன்று. அங்கிருந்து ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள கர்நாடகக்கட மலை வரை, இரவில் நீல மத்தாப்பு வெளிச்சத்தை அடையாளமாக வைத்துப் பூமியின் வளைவைக் கணக்கிட்டார். சென்னை வானநிலையக் கூடத்தின் தலைவராக இருந்த கோல்டிங்ஹாம், மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி 1798-ல் கட்டுரை வெளியிட்டவர். கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கியின் மின்னலைப் பார்த்து, வெடிச் சத்தம் வந்து சேரும் வரை நொடிகளை எண்ணி, ஒலியின் வேகத்தை 1820, 21-ம் ஆண்டுகளில் அளந்தவரும் அவரே. பின்னால் அதே கூடத்துக்குத் தலைவராக வந்த ஜேக்கப் இரட்டை நட்சத்திரங்களையே ஆராய்ந்தவர். 70 ஒஃபியூக்கி என்ற இரட்டையைச் சுற்றிக் கிரகம் ஒன்று இருக்கக் கூடும் என்று 1855-ல் அவர் எழுதினார். அது தவறு என்று பிறகு தெரிந்தது. ஆனால் வேறு சூரியனுக்குக் கிரகம் உண்டா என்ற கேள்வி கணக்கோடு எழுந்த இடங்களில் சென்னையும் ஒன்று. ஆல்ஃபா சென்டாரிக் கூட்டத்தின் மூன்றாவது நட்சத்திரமான பிராக்ஸிமாவுக்கு ஒரு கிரகம் இருப்பது 2016-ல் தெரிய வந்தது.

மே மாதத்து நள்ளிரவில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே மணலில் நின்று இந்த நட்சத்திரத்தை நான் பார்த்திருக்கிறேன். தென் திசையில், கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கும். வலப்பக்கம் சற்றுத் தள்ளித் தென் சிலுவை. எட்டிப் பறிக்கலாம் போலத் தோன்றும். தொலைவு 4.37 ஒளி ஆண்டுகள். மனிதன் அனுப்பியவற்றுள் மிகத் தொலைவு போயிருக்கும் வாயேஜர்-1 அந்தத் திசையில் சென்றால், தன் இன்றைய வேகத்தில் போய்ச் சேர ஏறக்குறைய 77,000 ஆண்டுகள் ஆகும்.

2016 ஏப்ரல் 12-ந் தேதி நியூயார்க்கில் யூரி மில்னர் என்ற செல்வரும் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் சேர்ந்து ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். கலத்தின் எடை சுமார் ஒரு கிராம். பாயின் அகலம் நாலு மீட்டர். தரையில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு லேஸர் விளக்குகளைப் பரப்பி, 10,000 கோடி வாட் வெளிச்சத்தை அதன் மேல் பாய்ச்ச வேண்டும். ஒளி வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்துவிட்டால் 22 ஆண்டுகளில் போய்ச் சேரலாம். செய்தி திரும்பி வர இன்னும் நாலரை ஆண்டு. ஆக, கலத்தை அனுப்பும் இளைஞன் தலை நரைப்பதற்குள் பதில் வந்துவிடும்.

கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். அத்தனை வெளிச்சமும் பாயில் பட்டுத் திரும்பினால் கிடைக்கும் தள்ளு எவ்வளவு தெரியுமா? ஓர் ஆள் எடை, 68 கிலோ. அவ்வளவுதான். ஆனால் தள்ளப்படுவது ஒரு கிராம் அல்லவா? ஒன்றரை நிமிஷத்தில் வேகம் வினாடிக்கு 60,000 கிலோமீட்டர் ஆகிவிடும். அதற்குள் கலம் சந்திரனுக்குள்ள தூரத்தைப் போல ஏழு மடங்கு போயிருக்கும். அதற்குச் செலவாகும் வெளிச்சம் 25 லட்சம் யூனிட். விளக்குகளில் வீணாவதைச் சேர்த்து இருமடங்கு என்றே வையுங்கள். தமிழ்நாடு ஒரே நாளில் இதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தைச் செலவழிக்கிறது. மொத்தம் பெரிதல்ல; அதை ஒன்றரை நிமிஷத்துக்குள் கொட்ட வேண்டுமே, அதுதான் பெரிது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1980-களில் எழுந்த இரண்டு அணு உலைகளும் சேர்ந்து 440 மெகாவாட் தரவென்று அமைக்கப்பட்டவை. அப்படிப்பட்ட நிலையங்கள் 227 ஒரே சமயத்தில் இயங்கினால்தான் இந்த விளக்கு எரியும். உழக்கெண்ணெயில் எரிந்த விளக்கு எங்கே, இது எங்கே!

இடையூறுகள் இன்னும் இருக்கின்றன. பாய் முழு வெளிச்சத்தையும் திருப்பிவிட வேண்டும். லட்சத்தில் ஒரு பங்கை விழுங்கினால்கூட, ஆயிரம் மின்சார இஸ்திரிப் பெட்டிகளின் சூடு அந்த ஒரு கிராமுக்குள் இறங்கும். விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் துடிக்க வேண்டும். காற்று மண்டலத்தின் சலனத்தைக் கணந்தோறும் சரிக்கட்ட வேண்டும். ஈரக் காற்று வீசும் நம் கடற்கரை அதற்கு உதவாது. தென் கோளத்தில் வறண்ட மலையுச்சி வேண்டும். வழியிலுள்ள நுண்ணிய தூசியும் அந்த வேகத்தில் குண்டாகிவிடும். போய்ச் சேர்ந்தாலும் நிற்க வழியில்லை. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை முக்கால் மணிக்குள் கடந்து ஓடும் கலம், அந்த ஓட்டத்திலேயே படம் பிடித்து, ஒரு கிராமுக்குள் அடங்கிய சின்ன விளக்கால் நமக்குச் செய்தி சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், தள்ளுவதை விட இந்தச் செய்தி சொல்லும் வேலையே கடினம்.

இவற்றில் ஒன்றாவது இயற்கை விதிக்கு விரோதமா? இல்லை. எல்லாம் கைத்திறனுக்கு விட்ட சவால்கள். இயற்கை விதிகளில் அடங்காத சவால் வேறொன்று இருக்கிறது. கலத்தை நட்சத்திரத்துக்குத் தள்ளும் விளக்கு, வானத்தில் சுற்றும் அடுத்த தேசத்தின் செயற்கைக் கோளையும் சுட்டுவிடும். அந்த விளக்கின் திரி யார் கையில் இருப்பது? எந்த அரசு அடுத்த அரசை நம்பி அதைக் கட்ட விடும்? விஞ்ஞானிகள் இதை ஓர் உப கேள்வியாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

அறிவித்த பத்துக் கோடி டாலரில் சிறு பகுதியே செலவாயிற்று என்றும், வேலை ஏறக்குறைய நின்றுபோயிற்று என்றும் 2025-ல் பத்திரிகைகளில் செய்தி வந்தது. எனக்கு ஆச்சரியம் இல்லை. மாமல்லபுரத்து ரதங்களைப் பாருங்கள். சிற்பி சிகரத்தை முதலில் செதுக்கி, அப்புறம் கீழே இறங்கி வந்தான். அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. இருந்தும் அவை நிற்கின்றன. ஏனென்றால் அடியில் பாறை முன்பே இருந்தது. இந்தத் திட்டக்காரர்களும் சிகரத்தில்தான் கை வைத்தார்கள். ஆனால் அடியில் பாறை இல்லை. ஒரு கிராம் கலத்தை முதலில் செவ்வாய்க்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். பிறகு சூரிய மண்டலத்தின் விளிம்புக்கு. விளக்கும் அதனோடு கொஞ்சம் கொஞ்சமாக வளர வேண்டும். அப்படி வளரும்போது அது எல்லா தேசங்களுக்கும் பொதுச் சொத்தாக வளர்ந்தால்தான் என் முதல் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

ஒரு முயற்சி நின்றதால் எண்ணமே செத்தது என்று முடிவு கட்டுவதற்கில்லை. தன்னிடம் அடைக்கலம் புகுந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்காக நரசிம்மவர்ம பல்லவன் அனுப்பிய முதல் படை காரியம் முடியாமலே திரும்பியது. மீண்டும் ஒரு படை கடல் கடந்தது. மானவர்மன் முடி சூடினான். முதல் தடவை கப்பல்கள் திரும்பி வந்த அன்று துறைமுகத்தில் கூடி நின்றவர்கள் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

ஆகவே என் முடிவு இதுதான்: கலம் செலுத்தும் விளக்கு கூடாத காரியம் அல்ல, நம் காலத்தில் கூடும் காரியமும் அல்ல. நம் பேரப்பிள்ளைகள் அதை ஏற்றலாம். ஏற்றுவதற்கு முன், ஒருவர் மேல் ஒருவர் அதைத் திருப்பமாட்டோம் என்று அவர்கள் உடன்பட வேண்டும். லேஸரைக் கண்டுபிடித்த மனிதனுக்கு அந்த உடன்படிக்கை இன்னும் கைவரவில்லை. அதற்கான வேலையையாவது நாம் தொடங்கி வைக்கலாம்.