நத்தார்
"நத்தார் சிங்களச் சொல்லெல்லோ, கிறிஸ்மஸ் என்று போடுங்கோ" என்றார் சண்டிலிப்பாயில் வாழ்த்து மடல் அச்சிட வந்த ஒருவர். அப்படியில்லை. போர்த்துக்கேயரின் 'நத்தால்' இங்கே தமிழில் நத்தாராகவும் சிங்களத்தில் நத்தலாகவும் நிலைத்தது. அதன் இலத்தீன் மூலத்துக்குப் 'பிறப்புக்குரிய' என்று பொருள். ஆங்கிலச் சொல்லோ 'கிறிஸ்துவின் பூசை'. போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்தனர். 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகள் சண்டிலிப்பாயின் அயலூரான சில்லாலையில் தங்கி, இரவில் ஒளித்துப் பூசை வைத்தார். அந்தத் தடையையும் தாண்டி வந்த சொல் இது. 'கிறிஸ்து பிறப்புப் பெருவிழா' நல்ல தமிழ், வழிபாட்டு நூலுக்குப் பொருந்தும். பாலன் குடிலுக்கு வைக்கோல் பரப்பும் வீட்டில் எனக்கு நத்தார்தான் வேண்டும்.