உயிரித் தகவலியலில் திறந்தமுறைப் பயிற்சி

உயிரித் தகவலியல் ஆய்வாளர்கள் தங்கள் தரவையும் நிரலையும் கணக்கிட்ட வழியையும் பிறர் எடுத்து மறுபடி செய்து பார்க்கும்படி வெளியிடக் கற்பிக்கும் பயிற்சி இது. மரபணுத் தொடர்களைக் கணினியில் ஆராய்பவர் கடைசியில் ஓர் அட்டவணையையோ படத்தையோ வெளியிடுகிறார். அதை எட்டிய வழியையும் கூடவே கொடுத்தால்தான் இன்னொருவர் அதைச் சோதிக்க முடியும்.

இதன் முன்கதையை இத்தாலியின் பலெர்மோ நகரில், 1600இல் வெட்டப்பட்ட வியா மக்வேதா தெருவில் தொடங்குவது பொருந்தும். அங்கே தியாத்தினோ துறவியரின் பழைய இல்லத்தில் பலெர்மோ பல்கலைக்கழகம் இயங்கியது. அந்நகரிலேயே பிறந்த வேதியியலாளர் ஸ்தானிஸ்லாவோ கன்னிஸ்ஸாரோ 1861இல் அங்குப் பேராசிரியரானார். அணு எடைகளைப் பற்றி ஒருமித்த கருத்தே இல்லாத காலம் அது. அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 வாய்பாடுகளை ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே பட்டியலிட்டார். அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது கன்னிஸ்ஸாரோ 1858இல் ஜெனோவாவில் இருந்தபோது வெளியிட்ட சிறு நூல். தம் மாணவர்களுக்கு எந்த வரிசையில் பாடம் நடத்துகிறார், ஆவியின் அடர்த்தியிலிருந்து எண்களை எப்படி வருவிக்கிறார் என்பதையே அதில் எழுதியிருந்தார். 1860இல் கார்ல்ஸ்ரூஹ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டின் முடிவில் அவருடைய நண்பர் பாவேசி அந்நூலின் படிகளை வந்திருந்தவர்களுக்கு வழங்கினார். படித்தவர்கள் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். திறந்தமுறைப் பயிற்சிக்கு இதைவிடத் தெளிவான முன்னோடி வேறில்லை.

உயிரியலில் இந்த எண்ணம் 1996இல் உறுதிப்பட்டது. பெர்முடாவில் கூடிய மனித மரபணுத் தொகுதித் திட்டத்தினர், கண்டறிந்த தொடர்களை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைக்க முடிவெடுத்தார்கள். தரவு திறந்துவிட்டது; அதைக் கையாளும் கருவிகளும் திறந்திருக்க வேண்டுமே. திறந்த மூல உயிரித் தகவலியல் மாநாடு 2000இலும், மரபணுத் தரவை ஆராயும் நிரல்களைத் திரட்டும் பயோகண்டக்டர் திட்டம் 2001இலும் தொடங்கின. உலாவி வழியாகவே பகுப்பாய்வு செய்ய உதவும் கேலக்ஸி 2005இல் வந்தது.

கருவிகள் மட்டும் போதவில்லை என்பதைக் காட்டியது அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக விவகாரம். மரபணுச் செயல்பாட்டை வைத்து, ஒரு புற்றுநோயாளிக்கு எந்த மருந்து பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என அங்கிருந்து கட்டுரைகள் வெளிவந்தன. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க முயன்றார்கள். வழிமுறை முழுமையாகத் தரப்படாததால் முடிவுகளிலிருந்து பின்னோக்கித் துருவ வேண்டியிருந்தது. மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளி நகர்ந்திருந்ததைக் கண்டார்கள். மருந்துக்குக் கட்டுப்படும் மாதிரிகள், கட்டுப்படாத மாதிரிகள் என்ற அடையாளங்களும் இடம் மாறியிருந்தன. 2009இல் இதை வெளியிட்டார்கள். அந்தக் கணிப்பை நம்பி நோயாளிகளிடம் நடந்துவந்த மருத்துவச் சோதனைகள் 2010இல் நிறுத்தப்பட்டன. ஒரு வரி நகர்ந்ததற்கு மனித உயிர்கள் பணயமாக இருந்தன என்பதை இத்துறை மறக்கக் கூடாது.

இன்னொரு பிழை அன்றாடம் நடப்பது. மார்ச்1 என்ற மரபணுப் பெயரை எக்செல் கட்டத்தில் இட்டால் அது மார்ச் முதல் தேதியாகிவிடும். செப்ட்2 செப்டம்பர் இரண்டாகும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் 2020இல் மரபணுப் பெயர்க் குழு பெயர்களையே மாற்றியது. மார்ச்1 மார்ச்எஃப்1 ஆனது.

இவற்றைத் தவிர்க்கும் கைப்பழக்கத்தைப் பரப்பியதில் முதலிடம் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்னும் பயிற்சித் திட்டத்துக்கு. கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் 1998இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கியது அது. உயிரியலாளர்களுக்கும் ஏற்ற டேட்டா கார்பென்ட்ரி 2014இல் உருவாகி, 2018இல் இரண்டும் தி கார்பென்ட்ரீஸ் என்று இணைந்தன. பயிலரங்கில் பயிற்றுநர் எல்லார் கண்முன்னும் நிரலைத் தட்டச்சு செய்கிறார். தவறு நேர்ந்தால் மறைக்காமல் அங்கேயே திருத்துகிறார். ஒவ்வொருவரிடமும் இரு நிறங்களில் ஒட்டுத்தாள்கள் இருக்கும். செய்து முடித்தவர் ஒன்றையும் உதவி வேண்டுபவர் மற்றொன்றையும் மடிக்கணினியில் ஒட்டுகிறார். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லக் கூசும் நம் வகுப்பறைகளுக்கு இது மிகவும் தேவையான ஏற்பாடு.

இந்தக் கதை தொடங்கிய இத்தாலியில் உயிரித் தகவலியல் சங்கம் 2003இல் அமைந்தது. பலெர்மோவின் ராஃபேலே ஜான்கார்லோவும் பிற இத்தாலியப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, பெரிய தொடர்க் கோப்புகளைப் படிக்கும் ஃபாஸ்ட்டூப் என்ற நிரலகத்தை 2017இல் வெளியிட்டனர்.

இந்தியா பிந்திவிடவில்லை. உயிரித் தொழில்நுட்பத் தகவல் வலையமைப்பை 1986-87இலேயே மத்திய அரசு தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அதன் மையம் அமைந்தது. இந்திய உயிரியல் தரவு மையம் 2022இல் ஃபரிதாபாதில் திறக்கப்பட்டது. தரவைச் சேமிக்க இடம் கிடைத்துவிட்டது. அதை ஒழுங்காக ஒப்படைக்கக் கற்றுத்தரும் வகுப்புகள் தமிழகக் கல்லூரிகளில் பெருக வேண்டும். முதுகலை முதலாண்டிலேயே தொடங்க வேண்டும்.

கார்பென்ட்ரீஸ் பாடங்கள் அனைத்தும் திறந்த உரிமத்தில் உள்ளன. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அவற்றைத் தமிழில் பெயர்க்கலாம், மாற்றலாம், நடத்தலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.